டெபியனுக்குப் புதிய பொதி உருவாக்கலாமா? இருக்கும் வழிகளின் ஒப்பீடு

நல்ல மென்பொருள் ஒன்றைக் கண்டெடுத்து, அது லினக்ஸ் வழங்கல்களில் (லினக்ஸ் இயங்குதள வகைகளில்) ஒன்றான டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் இல்லை என்று தெரியவரும்போது, தாமே அதைப் பொதியாக்கி, அதாவது எளிதில் நிறுவத்தக்க வடிவில் கட்டிச் சேர்த்துவிடலாம் என்ற ஆவல் பலருக்கும் எழுகிறது. மதிக்க வேண்டிய ஆவல்தான். கட்டற்ற மென்பொருள் வளர்ந்ததே அத்தகையவர்களால்தான். ஆனால் பொதியை உருவாக்குவது சில நாட்களில் முடிந்துவிடும் வேலை, பராமரிப்பதோ ஆண்டுக்கணக்கில் நீளும் பொறுப்பு. ஆகவே மென்பொருள் நல்லதா என்று கேட்பதற்கு முன்பாக, அது வளரும் வேகமும் டெபியன் வெளியாகும் வேகமும் ஒத்துப்போகுமா, ஒத்துப்போகாத இடங்களில் நடுவே நின்று சமாளிக்கத் தன்னால் முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பொதியாக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

டெபியனை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய இத்திட்டத்தில் ஒரு பொதி நுழைந்தால், அது பெரும்பாலும் உபுண்டுவின் யூனிவர்ஸ் என்ற களஞ்சியப் பகுதிக்கும், அங்கிருந்து லினக்ஸ் மின்ட் போன்ற வழங்கல்களுக்கும் தனி முயற்சியின்றியே போய்ச் சேர்கிறது. 2025 ஆகஸ்ட் மாதம் வெளிவந்த டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, 69,830 பொதிகளுடன் வந்தது. அவற்றுள் 14,100-க்கும் மேற்பட்டவை புதியவை. அதே வெளியீட்டில் 8,840-க்கும் மேற்பட்ட பொதிகள் காலாவதியானவை என்று நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றில் பெயர் மாறிய நிரலகங்களும் (லைப்ரரிகளும்) உண்டு. மென்பொருளை எழுதி வெளியிடும் மூலத் திட்டம் நின்றுபோனதாலோ பராமரிப்பாளர் விலகிப்போனதாலோ விழுந்தவையும் உண்டு. புதிதாக ஒன்றைச் சேர்க்க நினைப்பவர் புதியவற்றின் எண்ணிக்கையைக் கண்டு உற்சாகம் கொள்ளும் அதே வேளையில் நீக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு மென்பொருளைப் பயனரிடம் கொண்டுசேர்க்க டெபியனின் முதன்மைக் களஞ்சியம் ஒன்றே வழி அல்ல. ஏற்கெனவே உள்ள பொதி ஒன்றின் மூலத் திட்டத்திலேயே நம் பங்களிப்பைச் சேர்க்கலாம். சொந்தமாக ஒரு களஞ்சியம் நடத்தலாம். ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் போன்ற வழங்கல் சாராத வடிவங்களில் வெளியிடலாம். பைத்தான், ரஸ்ட் போன்ற மொழிகளுக்கே உரிய பொதி மேலாளர்களிடம் விட்டுவிடலாம். ஒன்றும் செய்யாமல், வேண்டுகோளாக மட்டும் பதிந்துவைக்கவும் செய்யலாம். இவற்றுக்கிடையே எதைத் தேர்வது என்பதுதான் உண்மையான முடிவு.

களஞ்சியத்துக்குள் நுழைய என்ன செலவாகும்

டெபியனின் முதன்மைப் பகுதியில் சேர்வதற்கு முதல் தடை நிரலாக்கம் அன்று, உரிமம். 1997-இல் ஏற்கப்பட்ட டெபியன் சமூக ஒப்பந்தமும் அதன் பகுதியான கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகளும் இன்றுவரை இதில் உறுதியாக நிற்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எளிதாகத் தோன்றும் இந்தச் சோதனை, மூல நிரலை விரித்து ஒவ்வொரு அடைவாகப் பார்க்கும்போது வேறுவிதமாக மாறிவிடுகிறது.

ஒரு தமிழ் எழுத்துப்பிழைத் திருத்தியைப் பொதியாக்குவதாக வைத்துக்கொள்வோம். மேல் அடைவில் உள்ள உரிமக் கோப்பு எம்ஐடி உரிமம் என்கிறது. உள்ளே போனால், வேறொருவர் எழுதிய ஜேசான் வடிவத் தரவைப் படிக்கும் பகுப்பி ஒன்று நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் தலைப்பில், நிரலை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட வாசகம்தான். ஆனால் பயன்பாட்டுத் துறையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைக்கு முரணாவதால் டெபியன் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்பதில்லை. ஆவண அடைவில் உள்ள படம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது, அதுவும் தேறாது. இணைய இடைமுகத்துக்கான அடைவில் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று இருக்கிறது, அதன் மூல வடிவம் எங்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திருத்தியின் உயிரான சொற்பட்டியல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஏதோ ஓர் அகராதித் தளத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அதை மறுவிநியோகம் செய்யும் உரிமையே கேள்விக்குறியாகிவிடும். படத்தையும் ஜாவாஸ்கிரிப்டையும் நீக்கி மூலக் கோப்பை மறுபடி கட்டிவிடலாம், பகுப்பியை வேறொன்றால் மாற்றச் சொல்லலாம். சொற்பட்டியலுக்கு மட்டும் மூல ஆசிரியரிடம் எழுதிக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. தமிழ் மொழிக் கருவிகளைப் பொறுத்தவரை நிரலைவிடத் தரவின் உரிமமே பெரும்பாலும் சிக்கல் தருகிறது. எனவே பொதியாக்கும் முடிவை எடுப்பதற்கு முன்பே கோப்புகளின் உரிமங்களைத் தேடிக் காட்டும் லைசென்ஸ்செக் கருவியை ஒருமுறை ஓட்டி, அது கண்டுகொள்ளாத தரவுக் கோப்புகளைக் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும்.

இந்த விவரங்கள் அனைத்தும் பதிப்புரிமைக் கோப்பில் எழுதப்பட வேண்டும். புதிய பொதி எதுவாயினும் அது ‘நியூ’ எனப்படும் வரிசையில் காத்திருக்கும். அதற்கென உள்ள குழுவினர் அதை ஆராய்ந்தே உள்ளே விடுவார்கள். விடுபட்ட உரிமம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் பொதி திருப்பியனுப்பப்படும். அதற்கும் முன்பாக, டெபியன் உறுப்பினர் அல்லாத ஒருவருக்குப் பதிவேற்றும் உரிமை இல்லாததால், அவருடைய பொதியைப் பார்வையிட்டுத் தம் கையொப்பத்தில் பதிவேற்றித் தரும் ஸ்பான்சர் ஒருவர் தேவை. யாரும் அறியாத மென்பொருளுக்கு ஸ்பான்சர் கிடைப்பது எளிதன்று. பைத்தான் குழு, எழுத்துருக் குழு, உள்ளீட்டு முறைக் குழு போன்றவற்றில் முதலிலேயே சேர்ந்து, குழுவின் பெயரில் பொதியை வைத்துக்கொள்வது இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். தனியாளாகத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சார்புகளின் கணக்கு இன்னும் கடினமானது. முதன்மைப் பகுதியில் சேரும் பொதி கட்டமைக்கப்படும்போது இணையத்தைத் தொடக் கூடாது; அதற்குத் தேவையான ஒவ்வொரு நிரலகமும் டெபியனுக்குள்ளேயே இருக்க வேண்டும். சி மொழியில் எழுதப்பட்டு நான்கைந்து நிரலகங்களை மட்டும் சார்ந்திருக்கும் கருவிக்கு இது பொருட்டன்று. ரஸ்ட் மொழிக் கருவியென்றால் நிலைமை வேறு. அதன் சார்புகள் நூற்றைத் தாண்டுவது சாதாரணம். டெபியனோ ஒவ்வொரு ரஸ்ட் நிரலகத்தையும் தனித்தனிப் பொதியாக வைத்துக்கொள்கிறது. அவற்றுள் இருபது இன்னும் உள்ளே இல்லையென்றால், நாம் சேர்க்கப்போவது ஒரு பொதி அல்ல, இருபத்தொன்று. ஒவ்வொன்றும் அதே உரிமச் சோதனையையும் அதே வரிசையையும் கடக்க வேண்டும். இந்த எண்ணிக்கையை முன்கூட்டியே எடுக்காமல் வேலையில் இறங்கி, பாதியில் கைவிடப்பட்ட முயற்சிகள் நிறைய.

கடைசியாகக் காலம். பதிவேற்றிய பொதி முதலில் அன்ஸ்டேபிள் என்ற வளர்ச்சிக் கிளைக்குப் போகிறது. பெரிய வழு இல்லையெனில் வழக்கமாக 5 நாட்களில் டெஸ்டிங் என்ற சோதனைக் கிளைக்கு நகர்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டெஸ்டிங் உறைந்து (புதிய மாற்றங்கள் நிறுத்தப்பட்டு), பயனர்களுக்கான நிலையான வெளியீடான ஸ்டேபிளாகிறது. ஸ்டேபிள் வெளியீட்டுக்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவு, பிறகு இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவு என மொத்தம் ஐந்து ஆண்டுகள். அந்தக் காலத்தில் புதிய பதிப்புகளை அப்படியே உள்ளே தள்ளிவிட முடியாது. பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால், புதிய பதிப்பில் வந்த திருத்தத்தை எடுத்துப் பழைய பதிப்புக்குப் பொருந்துமாறு மாற்றித் தர வேண்டும். மூல ஆசிரியர் அந்தப் பழைய பதிப்பை மறந்தே போயிருப்பார். பொதியாக்கத்தின் மெய்யான விலை இதுதான்.

அந்த விலைக்குக் கிடைப்பது என்ன

இவ்வளவு செலவழித்து ஏன் உள்ளே போக வேண்டும் என்ற கேள்விக்கு வலுவான விடைகள் உள்ளன. டெபியனின் கட்டமைப்புக் கணினிகள் ஒரே மூலத்திலிருந்து பல செயலிக் கட்டமைப்புகளுக்குப் பொதியை உருவாக்கித் தருகின்றன. ட்ரிக்ஸியில் ரிஸ்க்-5 கட்டமைப்பும் முதன்முறையாக அதிகாரபூர்வ இடம் பெற்றிருக்கிறது. ஒரு நிரலகத்தில் பாதுகாப்புக் குறை தெரியவந்தால் அந்த நிரலகத்தை ஓரிடத்தில் திருத்தினால் போதும், அதைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா மென்பொருள்களும் பயனடைகின்றன. இணைய இணைப்பு மெதுவாக உள்ள பள்ளி ஆய்வகம் ஒன்று களஞ்சியத்தின் கண்ணாடிப் படியை உள்ளேயே வைத்துக்கொண்டு நூறு கணினிகளுக்கு அதிலிருந்து நிறுவிக்கொள்ளலாம். ஒரு மென்பொருள் டெபியனில் இருக்கிறது என்பதற்கு, அதன் உரிமத்தை வெளியாள் ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்திருக்கிறார் என்ற பொருளும் உண்டு. இந்த உத்தரவாதத்தைத் தருவதற்கு வேறு வழிகள் எதிலும் ஆள் இல்லை.

நடுவில் நிற்கும் பராமரிப்பாளர் காவலராகவும் இருக்கலாம், தவறின் மூலமாகவும் ஆகலாம் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை ஒருங்கே பார்க்க வேண்டும். 2006-இல், குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் டெபியன் பொதியில், சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையை அடக்குவதற்காகச் செய்யப்பட்ட சிறு மாற்றம், சமவாய்ப்பு எண்களின் தரத்தையே குலைத்துவிட்டது. 2008 மே மாதம் அது வெளிப்பட்டபோது, அந்தக் காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவாக்கப்பட்ட சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டிருந்தன. மூலத் திட்டத்தில் அந்தக் குறை இல்லை. பொதியாக்கியவரின் மாற்றத்தில் பிறந்தது அது.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம் இன்னும் சிக்கலானது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில், மூலத் திட்டத்தின் பராமரிப்பு உரிமையைப் பொறுமையாகப் பெற்ற ஒருவரே பின்கதவை (மறைவான நுழைவழியை) நுழைத்திருந்தார். அதன் முக்கியப் பகுதி, மூல நிரலின் மாற்றங்கள் வெளிப்படையாகப் பதியப்படும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக் கோப்பில் மட்டும் இருந்தது. டெப், ஆர்பிஎம் பொதியாகக் கட்டமைக்கப்படும்போதுதான் அது தன்னைச் சேர்த்துக்கொள்ளும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகம் எக்ஸ்இசட்டின் நிரலகத்தோடு இணைந்ததும், கணினிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டிக்கான அறிவிப்புக்காக வழங்கல்கள் தாமாகச் சேர்த்திருந்த பேட்ச் (நிரல் மாற்றம்) வழியாகத்தான். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தேடிப்போய்க் கண்டுபிடித்ததும் டெபியன் அன்ஸ்டேபிள் கணினியில்தான். பின்கதவு டெஸ்டிங்வரை வந்திருந்தது; ஸ்டேபிளைத் தொடவில்லை. டெபியனின் மெதுவான நடை அன்று அதன் பயனர்களைக் காத்தது. பொதியாக்குபவர் கற்றுக்கொள்ள வேண்டியவை இதில் தெளிவாக உள்ளன: வெளியீட்டுக் கோப்பைக் கிட் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, மூலத் திட்டம் ஏற்காத பேட்ச்சை இயன்றவரை தவிர்ப்பது, மூலத் திட்டத்தை நடத்துபவர்கள் யார் என்று அறிந்திருப்பது. இவற்றைச் செய்ய நேரம் இல்லாதவர் பொதியை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது பயனருக்கு நல்லது.

பொதி இல்லாமலே உள்ளே போகும் வழி

பலரும் எண்ணிப் பார்க்காத வழி இது. தமிழுக்கு மிகவும் பொருந்துவதும் இதுவே. புதிய தமிழ் விசைப்பலகை அமைப்பு ஒன்றை வடிவமைத்தவர், அதை நிறுவ ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அந்த ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு பொதியும் செய்யத் தோன்றலாம். ஆனால் லினக்ஸின் வரைகலைச் சூழல்களான எக்ஸ், வேலாண்ட் ஆகியவற்றின் விசைப்பலகை அமைப்புகள் எல்லாம் எக்ஸ்கீபோர்டு-கான்ஃபிக் என்ற ஒரே திட்டத்திலிருந்து வருகின்றன. தமிழ்நெட் 99 உட்பட, இந்தியாவுக்கும் இலங்கைக்குமான தமிழ் அமைப்புகள் அங்கேதான் உள்ளன. ஒலிபெயர்ப்பு போன்ற சற்றுச் சிக்கலான உள்ளீட்டு முறைகளுக்கு எம்17என் தரவுத்தளம் இருக்கிறது. அவற்றுக்கு ஒரு கோப்பை அனுப்பி ஏற்கச் செய்துவிட்டால், அடுத்தடுத்த வெளியீடுகளில் அது டெபியனுக்கும் ஃபெடோராவுக்கும் ஆர்ச்சுக்கும் ஓப்பன்சூசேவுக்கும் தானாகப் போய்ச்சேரும். நியூ வரிசை இல்லை, ஸ்பான்சர் இல்லை, ஐந்தாண்டுப் பராமரிப்பும் தனியாக இல்லை. மூலத் திட்டத்தினர் ஏற்பதற்குக் காத்திருக்கப் பொறுமையும், அவர்கள் கேட்கும் திருத்தங்களைச் செய்யப் பணிவும் மட்டும் தேவை. நம் பங்களிப்பை இவ்வாறு சேர்க்க ஓர் இடம் இருக்குமானால், புதிய பொதி என்ற பேச்சுக்கே இடமில்லை என்பேன்.

எழுத்துருக்களின் நிலை சற்று வேறு. லோகித் தமிழ், நோட்டோ வரிசையின் தமிழ் எழுத்துருக்கள் ஏற்கெனவே டெபியனில் உள்ளன. அவற்றில் இல்லாத வடிவழகு கொண்ட புதிய எழுத்துரு, திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியாகியிருந்தால், அதைப் பொதியாக்குவதை முழு மனத்தோடு ஆதரிப்பேன். சார்புகள் கிட்டத்தட்ட இல்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் அரிது, மூல ஆசிரியர் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாலே அதிகம். டெபியனின் நடைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. மேலும் எழுத்துருவை ஃபிளாட்பேக்கில் அடைத்துத் தருவதில் பொருள் இல்லை. ஃபிளாட்பேக் செயலிகளே தமக்கு வேண்டிய எழுத்துருக்களைக் கணினியின் அடைவிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. இங்கேயும் உரிமத்தைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் ஏராளம். மாற்றவும் பிறருக்கு மறுபடி வழங்கவும் அனுமதி தருபவை அவற்றில் சிலவே.

சொந்தக் களஞ்சியம்

மென்பொருளை எழுதியவரே பொதியாக்குபவராகவும் இருக்கும்போது சொந்தக் களஞ்சியம் ஈர்ப்புடையது. ஓப்பன்சூசேவின் ஓப்பன் பில்டு சர்வீஸ் ஒரே மூலத்திலிருந்து டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்று பலவற்றுக்கும் பொதி கட்டித் தருகிறது, உபுண்டுவுக்கு மட்டுமானால் லாஞ்ச்பேடின் பிபிஏ இருக்கிறது, ஃபெடோராவுக்குக் காப்பர். புதிய பதிப்பை வெளியிட்ட அன்றே பயனரிடம் சேர்க்கலாம். ஆனால் வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்ப்பவர், அதை நடத்துபவருக்குத் தம் கணினியில் ரூட் எனப்படும் முழு அதிகாரத்தையே தருகிறார், ஏனெனில் பொதிகளின் நிறுவல் ஸ்கிரிப்ட்டுகள் அந்த அதிகாரத்தில்தான் ஓடுகின்றன. கையொப்பச் சாவி காலாவதியானாலும், நடத்துபவர் ஆர்வம் இழந்தாலும் பயனர் நடுவழியில் நிற்பார். அடுத்த ஸ்டேபிளுக்கு மேம்படுத்தும்போது சார்புகள் முரண்பட்டுச் சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் இத்தகைய பொதிகளால்தான். டெபியனுக்குள் நுழைவதற்கான ஒத்திகையாக, ஓராண்டுக்கு நடத்திப் பார்க்க இது ஏற்ற இடம். நிரந்தரத் தீர்வாக நான் கருதவில்லை.

ஆர்ச் லினக்ஸின் ஏயூஆர் என்ற பயனர் களஞ்சியம் இதன் தளர்ந்த வடிவம் எனலாம். யாரும் ஒரு பிகேஜிபில்டு கோப்பை (பொதி கட்டும் ஸ்கிரிப்ட்டை) போட்டுவிட முடியும் என்பதால் அங்கே இல்லாத மென்பொருளே அரிது. அதற்கான விலையையும் பயனர் கொடுக்கிறார். 2018-இல் கைவிடப்பட்டிருந்த பிடிஎஃப் படிப்பான் பொதி ஒன்றை ஒருவர் தத்தெடுத்துத் தீங்கு நிரலைச் சேர்த்தார். 2025 ஜூலையில் பிரபல உலாவிகளின் திருத்தப்பட்ட வடிவங்கள் என்ற பெயரில் தொலைகட்டுப்பாட்டுத் தீநிரல் ஏற்றப்பட்டு, கண்டறியப்பட்டபின் நீக்கப்பட்டது. படித்துப் பார்த்து நிறுவுங்கள் என்று ஆர்ச் எச்சரிக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். படிக்கத் தெரியாத நண்பருக்கு நிறுவித் தரும் கணினியில் அதை நம்ப இயலாது.

ஃபிளாட்பேக்கும் அதன் உறவுகளும்

வரைகலை இடைமுகம் கொண்ட, மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளிவரும் செயலிகளுக்கு ஃபிளாட்பேக்கே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒருமுறை கட்டினால் எல்லா வழங்கல்களிலும் ஓடும். டெபியன் ஸ்டேபிளில் உள்ளவரும் ஃபெடோராவில் உள்ளவரும் ஒரே நாளில் ஒரே பதிப்பைப் பெறுவர். மூல ஆசிரியருக்கு வரும் வழு அறிக்கை அவர் அறிந்த பதிப்பைப் பற்றியதாகவே இருக்கும். குறைகளும் வெளிப்படையானவை. முதல் செயலியை நிறுவும்போது அடித்தளமான ரன்டைமும் சேர்ந்து இறங்குவதால், அளந்து தரவு பயன்படுத்துபவருக்கு அது சுமை. ஃபிளாட்ஹப் தற்போது எக்ஸ்86-64, ஆர்ம்64 ஆகிய இரண்டுக்கு மட்டுமே கட்டுகிறது. செயலியோடு சேர்த்து அடைக்கப்பட்ட நிரலகத்தில் குறை இருந்தால், செயலியை வெளியிடுபவரே விழித்துக்கொள்ள வேண்டும். கட்டளை வரிக் கருவிகளுக்கும் பின்புலச் சேவைகளுக்கும் இந்த வடிவம் ஒத்துவராது. ஸ்னாப் சேவைகளுக்கும் ஒத்துவரும். ஆனால் அதன் கடை உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் ஒன்றின் கையில் மட்டுமே உள்ளது, அதன் சேவையக நிரல் மூடியது. ஆப்இமேஜ் நிறுவாமலே ஓடும் என்பது நல்லது. தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு செயலியிலும் இருப்பதில்லை.

மூல ஆசிரியரின் விருப்பத்தையும் இங்கே பேச வேண்டும். 2016-இல், திரைக்காப்பு மென்பொருளான எக்ஸ்ஸ்க்ரீன்சேவரின் ஆசிரியர் ஜேமி ஜவின்ஸ்கி, டெபியன் ஸ்டேபிளில் இருந்த பழைய பதிப்பைப் பற்றிய வழு அறிக்கைகள் தமக்கு ஓயாமல் வருவதால், பொதியையே நீக்கிவிடுமாறு கேட்டார். டெபியன் நீக்கவில்லை, உரிமம் அதற்கு இடம் தந்தது. 2025 பிப்ரவரியில், ஃபெடோரா தானே கட்டிய, காணொளி ஒளிபரப்பு மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவின் ஃபிளாட்பேக் சரியாக இயங்கவில்லை, அதை அதிகாரபூர்வமானது என்று எண்ணிப் பயனர்கள் தம்மிடம் முறையிடுகிறார்கள் என்று ஓபிஎஸ் திட்டத்தினர் சட்ட நடவடிக்கை வரை பேச வேண்டியதாயிற்று. பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். உரிமம் அனுமதிக்கிறது என்பதாலேயே ஒருவருடைய மென்பொருளை அவர் விரும்பாத வடிவில் வைத்துப் பராமரிப்பது முறையாகாது என்பது என் நிலைப்பாடு. மூல ஆசிரியருக்கு முதலிலேயே ஒரு மடல் எழுதி, டெபியன் ஸ்டேபிளில் உங்கள் மென்பொருளின் ஒரே பதிப்பு இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே இருக்கும், அதற்கு நீங்கள் உடன்படுகிறீர்களா என்று நேராகக் கேட்பது நல்லது. அவர் தயங்கினால் ஃபிளாட்பேக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மொழிப் பொதி மேலாளர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நிரலாளர்கள் மட்டுமே பயன்படுத்தும் பைத்தான் நிரலகம் அம்மொழியின் பொதித் தளமான பைப்பிஐ-இல் இருந்தால் போதும். டெபியனில் உள்ள வேறொரு செயலி அதைச் சார்ந்திருக்கும்போதுதான் பொதியாக்கும் தேவை எழுகிறது. டெபியன் 12 முதல், அத்தளத்திலிருந்து நிறுவித் தரும் பிப் கருவி கணினியின் பைத்தானுக்குள் நேரடியாக நிறுவ மறுத்து, தனித்து நிறுவ உதவும் மெய்நிகர் சூழலையோ பிப்எக்ஸையோ பயன்படுத்தச் சொல்கிறது. டெபியனின் பொதிகளும் பிப் நிறுவியவையும் கலந்து கணினி கெட்டுப்போவது இதனால் பெரிதும் குறைந்துள்ளது.

முடிவெடுக்கும் விதம்

இவற்றை வைத்துச் சில மாதிரிகளைப் பார்ப்போம். இணையத் தளங்களிலிருந்து காணொளி இறக்கும் கருவி, தளங்கள் மாறும்போதெல்லாம் மாற வேண்டியது. ஸ்டேபிளில் உறைந்துபோன அதன் பதிப்பு சில மாதங்களில் பயனற்றதாகிவிடும். அத்தகையதை டெபியனில் வைத்திருப்பவர் ஸ்டேபிளுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் பகுதியில் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்குத் தயாராக இல்லாதவர் பிப்எக்ஸ் வழியைப் பரிந்துரைத்துவிட்டு ஒதுங்கலாம். எண்ணற்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பொதி) சார்புகள் கொண்ட இணையச் செயலியைப் பொதியாக்குவது தனியாளின் ஆயுளைத் தின்னும் வேலை. அதைத் தேவையான அனைத்தையும் உள்ளடக்கிய கொள்கலனாக (கன்டெய்னராக) வெளியிடுவதே நடைமுறைக்கு ஏற்றது. சிறிய, முதிர்ந்த, மெதுவாக வளரும் கட்டளை வரிக் கருவியும், பிற செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரலகமும், எழுத்துருவும், அகராதித் தரவும் டெபியனின் முதன்மைப் பகுதிக்கே உரியவை. மூல ஆசிரியர் ஒருவரே இருந்து, கடைசி மாற்றம் நான்காண்டுகளுக்கு முன்பு நடந்திருந்தால், எவ்வளவு அருமையான கருவியாயினும் தயங்க வேண்டும். 2020 ஜனவரியில் பைத்தான் 2-இன் ஆதரவு முடிவுக்கு வந்தபோது, புதிய பைத்தானுக்கு மாற்றித் தர ஆசிரியர் இல்லாத பொதிகள் பல டெபியனிலிருந்து வெளியேற்றப்பட்டன. பராமரிப்பாளர்கள் விரும்பியும் காப்பாற்ற முடியவில்லை.

முடிவு எதுவாயினும், தொடங்கும் முன், ஆள் தேவைப்படும் பொதிகளையும் வரவிருக்கும் பொதிகளையும் பதியும் டெபியனின் டபிள்யுஎன்பிபி பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். யாரேனும் ஏற்கெனவே பொதியாக்கும் எண்ணத்தைப் பதிந்திருக்கலாம்; ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் பதிவாக இருந்தால், அவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். தம்மால் செய்ய இயலாது, ஆனால் மென்பொருள் வேண்டும் என்பவர் அதே இடத்தில் வேண்டுகோளாகப் பதியலாம். செய்யப்போவதாகப் பதிந்துவிட்டுச் செய்யாமல் விடுவது, செய்யக்கூடிய மற்றொருவரையும் தடுத்துவிடும்.

அதே பட்டியலில் கைவிடப்பட்ட பொதிகளும், தத்தெடுக்க ஆள் தேடும் பொதிகளும் உள்ளன. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியில் வரும் டபிள்யுஎன்பிபி-அலர்ட் என்ற கட்டளையை ஓட்டினால், நம் கணினியிலேயே நிறுவப்பட்டு நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொதிகளில் எவை அந்த நிலையில் உள்ளன என்று வரிசையாகக் காட்டும். புதிதாகப் பொதியாக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தத்தெடுக்கப்படும் பொதி ஏற்கெனவே களஞ்சியத்தில் இருப்பதால் நியூ வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உரிமச் சோதனையை முன்னவர் செய்து முடித்திருப்பார். பயனர்கள் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு பொதியையும் எத்தனை பேர் நிறுவியுள்ளனர் என்று காட்டும் பாப்கான் எண்ணிக்கையில் தெரியும். கவனிப்பாரற்ற வழு அறிக்கைகள் வேலை கற்றுத் தரக் காத்திருக்கும். அப்படியொரு பொதியை ஒரு ஸ்டேபிள் வெளியீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு, தாம் முதலில் நினைத்த புதிய மென்பொருளைப் பொதியாக்கலாமா என்ற கேள்விக்கு விடை சொல்ல எந்தக் கட்டுரையும் தேவைப்படாது.